அண்ணா தரையிறங்கும் வரை

அண்ணா ஜெர்மனியில் பொறியியலாளர். சனிக்கிழமைகளில் கிளைடர் ஓட்டப் போவார். கிளைடருக்கு எஞ்சின் இல்லை. இன்னொரு விமானம் கயிறு கட்டி மேலே இழுத்துவிடும். அதன்பிறகு வெயிலில் சூடாகி எழும்புகிற காற்றைத் தேடிப்பிடித்து, அதில் வட்டமடித்து உயர்ந்து, ஊர் ஊராகக் கடந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். அவர் எங்கே பறக்கிறார் என்பதைப் போனில் பார்க்கலாம். வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி ஊரும். எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு வருகிற எல்லோருக்கும் அப்பா அதைக் காட்டுவார். அப்பாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. ஊசி போடுவதும் கால் புண்ணுக்கு மருந்து கட்டுவதும் நான். அதில் யாருக்குக் காட்ட என்ன இருக்கிறது?

அந்தச் சனிக்கிழமை அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். பெருவிரல் கறுத்துவிட்டது. பின்னேரம் டொக்டர் வந்து, கிருமி ஏறுகிறது என்றார். இப்போதே பாதத்தின் முன்பக்கத்தை எடுத்தால் நடக்கலாம், தாமதித்தால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. எனக்கு விளங்கியது. அப்பாவுக்கும் நன்றாகவே விளங்கியது.

"மூத்தவனைக் கேக்காமல் ஒண்டும் வேண்டாம்," என்றார். "அவன் சொல்லட்டும், வெட்டட்டும்."

படித்துப் படித்துச் சொன்னேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்த சித்தப்பாவும் அவர் பக்கம்தான். "அண்ணன் இருக்கேக்க நீ அவசரப்படாத பிள்ளை. நாளைக்கு ஒண்டு நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

எங்கள் வீட்டில் இது புதிதல்ல. ஃபிளாட் வாங்கியதும், எனக்குப் பேசிய கல்யாணம் முறிந்ததும் அண்ணா போனில் சொன்ன சொல்லால்தான். ஆனால் பறக்கும்போது அண்ணா போன் எடுப்பதில்லை. அங்கிருந்த அண்ணி கிளைடர் கிளப்புக்குப் போன் அடித்துப் பார்த்தார். ஆள் வெகுதூரம் போய்விட்டார், ரேடியோவுக்கு எட்டவில்லை என்றார்களாம்.

கட்டிலருகே உட்கார்ந்து அப்பாவின் போனில் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஓரிடத்தில் சுற்றிச் சுற்றி உயர்ந்தது, பிறகு நேராக ஓடியது, மறுபடி சுற்றியது. காற்று கைவிட்டால் கிளைடரை ஏதாவது வயலில் இறக்கிவிடுவார்கள் என்று அண்ணா முன்பு சொல்லியிருந்தார். ஜெர்மனியில் வெயில் மறைய வேண்டும், காற்று சாக வேண்டும் என்று வேண்டினேன். காய்ச்சலில் அனுங்கிக்கொண்டிருந்த அப்பா, இடையில் கண் திறந்து, "எவ்வளவு உயரம் நிக்கிறான்?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சொன்னேன்.

டொக்டர் இன்னும் இரண்டு தரம் வந்தார். இரண்டாம் தரம் பாதத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே என்றார்.

இரவு வோர்டில் விளக்குகளை அணைத்த பிறகு அண்ணா கோல் எடுத்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நினைச்ச சுத்தை முடிச்சிட்டன். இப்பதான் மிஸ்ட் கோல் பாத்தனான், என்ன விஷயம்?"

சொன்னேன்.

"இதுக்கு ஏன் என்னைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்? நீயே முடிவெடுத்திருக்கலாமே."

போனை அப்பாவின் காதில் வைத்தேன். "ஓம் தம்பி, ஓம் தம்பி," என்றார். பிறகு டொக்டரைப் பார்த்துத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகு சனம் பார்க்க வந்தபடியே இருந்தது. அப்பா கட்டிலில் சாய்ந்து, இல்லாத காலின் மேல் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லோருக்கும் ஒரே கதையைச் சொன்னார்.

"பெடியன் வானத்தில இருந்து இறங்கின கையோட கதைச்சவன். அவன் ஓம் எண்டு சொன்னபடியாத்தான் இண்டைக்கு உயிரோட இருக்கிறன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, வந்த ஆக்களுக்குத் தேத்தண்ணி போடு."