அத்தாவின் பெருவிரலும் ஒரு துண்டு ஜெல்லும்

புதுச் செருப்பு கடித்த இடம் அது. சர்க்கரை உள்ள உடம்பு என்பதால் அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, வலியே தெரியவில்லை. வலது கால் பெருவிரலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் குழி விழுந்த பிறகு, பாயில் ஒட்டியிருந்த கறையைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தார். எங்கள் ஊர் கறம்பக்குடியில் பார்த்த வைத்தியம் எதுவும் கேட்காமல் புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலும்பு இன்னும் கெடவில்லை, ஆனால் ஆறு வாரத்துக்குள் புண் சுருங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அத்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தா செய்யும்போது விரல் இல்லாமல் காலை ஊன்ற முடியுமா என்று. டாக்டருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

புண்மேல் வைக்க ஹைட்ரோஜெல் ஷீட் கொடுத்தார்கள். கண்ணாடி போல இருந்தது, தொட்டால் வழுக்கியது. நோன்பு திறக்கக் காய்ச்சுகிற கடல்பாசி மாதிரி இருக்கே என்றார் அம்மா. இதுவும் கடற்பாசிச் சத்துதான், கூட மீன் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் சேர்த்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மீன் என்றதும் அத்தாவின் முகம் தெளிந்தது. பன்றியிலிருந்து எடுத்ததோ என்கிற மார்க்கச் சிக்கல் அதோடு தீர்ந்தது என்று நானும் நினைத்தேன். எவ்வளவு தப்பு.

அத்தா சவுதியில் பல வருஷம் கட்டடங்களுக்குச் சாரம் கட்டியவர். டாக்டர் அதை விசாரித்துத் தெரிந்துகொண்டு, இந்த ஜெல்லும் ஒரு சாரம்தான், புதுச் சதை இதைப் பிடித்துக்கொண்டு வளரும், அதைத் தூண்டுகிற மருந்தும் இதற்குள்ளேயே இருக்கிறது என்று விளக்கினார். நாலு நாளைக்கு ஒரு தடவை எங்கள் ஊர் நர்ஸம்மா ஒருவர் வீட்டுக்கு வந்து மாற்றுவார், நடுவில் யாரும் பிரிக்கக் கூடாது. புண் காயக் கூடாது, ஈரமாகவே இருக்க வேண்டும். காற்றாட விடு, பவுடர் போடு என்று கேட்டே வளர்ந்த எங்களுக்கு இது தலைகீழ்ப் பாடமாக இருந்தது.

நாலு வாரம் ஆகியும் புண் இம்மியளவு சுருங்கவில்லை. ஓரமெல்லாம் வெளுத்து ஊறிக் கிடந்தது. யாராவது கட்டைப் பிரித்தீர்களா என்று டாக்டர் கேட்டதற்கு அத்தா தரையைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன். கடல்பாசியைப் பாக்கெட்டில் போட்டு மருந்து என்று கொடுத்தால் புண் எப்படி ஆறும் என்று டாக்டரிடமே கேட்டேன். நர்ஸம்மாவையும் விடவில்லை. கையுறை போட்டீர்களா, சோப்புப் போட்டுக் கை கழுவினீர்களா என்று, வகுப்பில் வீட்டுப்பாடம் கேட்கிற அதே குரலில் கேட்டேன். நான் கணக்கு டீச்சர். அம்மாவிடம் கருவாடு கொடுத்தீங்களா என்று ஒரு விசாரணை வைத்தேன். அத்தா மட்டும் யாரையும் குறை சொல்லவில்லை. பாவம், விரலை நினைத்துக் கலங்கிப் போயிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒருநாள் மழையால் மத்தியானமே பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்தபோது பள்ளிவாசலில் மத்தியானத் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. கொல்லைக் குழாயடியில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து அத்தா தொழுகைக்கு ஒளு செய்துகொண்டிருந்தார். கட்டுத் துணி மடியில் இருந்தது. ஜெல் ஷீட் ஒரு டிபன் பாக்ஸ் மூடியில் பத்திரமாகக் கிடந்தது. கை, முகம் எல்லாம் முடித்துவிட்டு, கடைசியாகக் காலை மூன்று முறை, விரலிடுக்கெல்லாம் கோதிக் கழுவினார். பிறகு ஷீட்டை எடுத்துப் புண்மேல் வைத்துத் துணியைச் சுற்றினார். சாரக்கயிறு கட்டிய கை அல்லவா. நர்ஸம்மா கட்டியதற்கும் அவர் கட்டியதற்கும் வித்தியாசமே தெரியவில்லை.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

"மொத நாள்லேர்ந்துதான். டாக்டருதானே ஈரமா இருக்கணும்னு சொன்னாரு."

தினம் ஐந்து வேளை, நாலு வாரத்துக்கு மேல். எனக்கே அந்தப் பெருக்கலைப் போடப் பிடிக்கவில்லை. கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

டாக்டருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் குத்திக் காட்டவில்லை. ஜெல்லில் இருக்கிற ஈரம் வேறு, குழாய்த் தண்ணீர் வேறு. ஒவ்வொரு தடவை பிரிக்கும்போதும் அப்போதுதான் பிடித்த இளஞ்சதை பிய்ந்து வந்திருக்கும் என்றார். சாரம் கட்டினவரே பூச்சு இறுகுவதற்குள் சாரத்தைப் பிரித்தால் எப்படி என்று சிரித்தார். இன்னும் மூன்று வாரம் பார்ப்போம் என்றார்.

அன்று சாயங்காலமே பள்ளிவாசலில் தொழ வைக்கிற ஹஜ்ரத்தை வீட்டுக்கு வரச் சொன்னோம். அத்தாவுக்கு மகன் வயசுதான் அவருக்கு. புண்ணில் தண்ணீர் பட்டால் கெடும் என்றால், கட்டின் மேல் ஈரக் கையால் தடவினாலே போதும் என்றார். அத்தாவுக்கு அது தெரியாமல் இல்லை. அதெல்லாம் முடியாதவர்களுக்கு உள்ள சலுகை, எனக்கென்ன என்றார்.

"அந்த முடியாதவங்கள்ல நீங்களும் ஒருத்தருதான் பாய்" என்றார் ஹஜ்ரத்.

பத்து மாடி உயரத்தில் நின்று வேலை பார்த்த மனுஷருக்கு அதை ஒத்துக்கொள்வது லேசில்லை. கட்டை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அதன் பிறகு கட்டை யாரும் தொடவில்லை. இரண்டாவது வாரமே குழியின் அடியிலிருந்து சிவப்பாகச் சதை ஏறத் தொடங்கியது. புண் புளியங்கொட்டை அளவுக்கு வந்தது, பிறகு மிளகு அளவுக்கு. மூன்று வாரம் கழித்துப் போனபோது டாக்டர் விரலை அழுத்திப் பார்த்துவிட்டு, இனி இதை எடுக்கிற பேச்சே வேண்டாம் என்றார். அங்கேயே அழுதேன். வெட்கமாக இல்லை. அத்தனை நாள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது அந்த ஒரு வார்த்தையில் இறங்கிவிட்டது. நர்ஸம்மாவுக்கு அங்கிருந்தே போன் செய்து சொன்னேன். அவரும் அழுதார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அத்தாவிடம் கேட்டேன். டாக்டர், நர்ஸம்மா, அம்மா எல்லோரும் என்னிடம் திட்டு வாங்கினார்களே, நீங்கள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

அவர் கால் விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டாவது வாரமே தப்பு பண்றோமோன்னு தோணுச்சும்மா. டாக்டருகிட்ட கேட்டிருப்பேன். நீ பக்கத்துலயே நின்னே."

விரலை வெட்டிவிடுவார்கள் என்பதைவிட என் வாய்க்குத்தான் அவர் அதிகம் பயந்திருக்கிறார். குனிந்து பஸ் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"கோவமாம்மா?" என்றார்.