பெல்மோ அக்காவின் துடுப்பு

சாங்போ ஆற்றில் பரிசல் ஓட்டிய பெல்மோ அக்காவுக்கு ராஜாக்கள் மேல் துளியும் மரியாதை கிடையாது. ராஜா செத்ததும் இரண்டு ராணிகளின் பிள்ளைகளுக்காக ஆளுக்கொரு படை கிளம்பியது. பாலைவனம்வரை எங்களுடையது என்று பீற்றிக்கொண்ட தேசம், இரண்டே வருஷத்தில் அடுத்த கணவாய்க்குப் போகவே பயந்தது.

"ரெண்டு பயலையும் என் பரிசல்ல ஏத்தி நடு ஆத்துல விடணும். அப்பத் தெரியும் யாரு ராஜான்னு" என்பாள் அக்கா. அவள் வீடு தென்கரையில். நாங்கள் வடகரை.

சின்ன ராணியின் ஆட்களுக்கு நாங்கள் வாற்கோதுமை கொடுத்துவிட்டோமாம். ஊரைக் கொளுத்த, பெரிய ராணியின் தளபதி தக்ரா முப்பது பேரோடு தென்கரைக்கு வந்து நின்றான். ஆற்றைக் கடக்க இருந்தது அவளுடைய ஒரே தோல் பரிசல்.

"காலையிலேர்ந்து தண்ணியில கெடந்த தோலுங்க ஐயா. காயாம ஏறுனா தையல் விட்டுரும். தொட்டுப் பாருங்க" என்றாள். உண்மைதான். அவனும் தொட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்றான்.

காயவைக்கும்போது பரிசலைக் கவிழ்த்துத் துடுப்பால் முட்டுக்கொடுப்பது வழக்கம். அன்று அவள் துடுப்பைப் பரிசலின் முதுகில் குறுக்கே படுக்கவைத்தாள். எங்கள் ஆற்றில் அதற்கு ஒரே அர்த்தம்: வெள்ளம், மேட்டுக்கு ஓடு.

வானத்தில் ஒரு மேகமில்லை; அக்கரையில் நின்ற கூட்டம் யாரென்றும் அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. "கள்ளு தலைக்கேறிடுச்சா இவளுக்கு?" என்று கத்தியவன் நான்தான். திட்டிக்கொண்டே, ஆட்டையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு மலையேறினோம்.

ஊர் காலியாவதைத் தக்ராவும் பார்த்துவிட்டான்.

"ஏ பொம்பளை, அந்தத் துடுப்புக்கு என்ன அர்த்தம்?"

"வெள்ளம் வருதுன்னு அர்த்தம்."

"எங்கடி வெள்ளம்?"

"நீங்கதான்."

ஆத்திரத்தில் வாளை உருவிப் பரிசலைக் கிழித்தான். கிழித்த பிறகுதான் முட்டாளுக்கு உறைத்தது, இனி எதில் கடப்பது என்று. அந்தக் கோபமும் அவள்மீதே விழுந்தது. துடுப்புப் பிடிக்கும் கையைக் கல்லில் வைத்து நசுக்கிவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் யாக் எருதின் வாலைப் பிடித்து நீந்தி அக்கரை போனேன். மன்னிப்புக் கேட்க எத்தனையோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். காய்ச்சலில் கிடந்தவள் கண் திறந்து என்னைப் பார்த்தாள்.

"உங்க ஊரு செவிட்டு நோர்சோ கெழவிக்கு யாராச்சும் சொன்னீங்களாடா?"

"நான்தான் தூக்கிட்டுப் போனேன் அக்கா" என்றேன்.