கை தடுத்த இடம்

ஞாயிற்றுக்கிழமை மதியம், நாரணாபுரத்தில் தம்பி வீட்டு வாசலில், அவனுடைய குட்டியானைக்கு ஆயில் மாற்றும் வேலை நடந்தது. பின்னால் தொட்டி வைத்த சின்ன சரக்கு வண்டியைத்தான் எங்கள் பக்கம் குட்டியானை என்பார்கள். அவன் வாங்கும்போதே அது பழைய வண்டி. ஆயில் குறைந்தால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. ஓடுகிற வண்டியில் அதை யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை சீசனின் முதல் லோடு. சிவகாசியில் ஓர் அச்சகம், பட்டாசு வைக்கும் அட்டைப்பெட்டிகளை அடித்து அச்சங்குளம் பக்கத்துக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறது. தீபாவளி வரைக்கும் அந்த லோடுகளை ஒரே வண்டிக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். முதல் நாள் வந்து நிற்காத வண்டிக்கு அந்த சீசனே கிடையாது. அச்சக மேனேஜர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார் என்று தம்பி சொன்னான். சொன்னவன் சிரிக்கவில்லை.

லோடு போய்விட்டால் அவனுக்குத் தெரிந்த வேலை இன்னும் ஒன்றுதான் இருந்தது. மருந்து ரூம்.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து என்றால் வெடிமருந்து. அதைக் கையால் கலக்கிக்கொண்டிருந்தவன் தம்பி. வெயில் ஏறுவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டிய வேலை அது. செருப்பு கூடாது, செல்போன் கூடாது, இரும்பு எதுவும் கூடாது, பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். மீசை முளைத்த காலத்திலிருந்து அவன் அந்த வேலையில் இருந்தான். போன வருடம் பக்கத்து ரூம் வெடித்துப் போனது. அதில் இருந்தவர் தினமும் தம்பியோடு உட்கார்ந்து சாப்பிட்டவர். தம்பி அப்போது தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தான்.

அந்தச் செய்தி மதுரையில் நான் வேலை பார்க்கும் பத்திரிகையில் என் மேஜைக்கு வந்தபோது, அவன் உயிரோடு இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. ‘உராய்வு காரணமாக விபத்து நேர்ந்ததாகக் கூறப்படுகிறது’ என்ற வரி அதிலும் இருந்தது. எங்கள் மாவட்டத்து விபத்துச் செய்திகளில் அது எப்போதும் இருக்கும். அதையும் பக்கத்தில் வைத்து அச்சுக்கு அனுப்பினேன்.

அதற்குப் பிறகு அவன் கம்பெனிப் பக்கம் போகவில்லை. அவன் மனைவியின் சங்கிலி போய் வண்டி வந்தது. தினமும் அவன் எழுந்து வண்டியை எடுக்கும் சத்தம் கேட்டால்தான் தனக்கு மூச்சு சீராகிறது என்று அவள் ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

சீசன் நேரத்தில் ஒர்க்‌ஷாப்புகளில் வண்டிகள் வரிசையில் நிற்கும். விட்டால் திங்கட்கிழமைக்குள் கைக்கு வராது. ஆயிலோ கறுத்துத் தார்போல் ஆகிவிட்டது. அதனால்தான் வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தான். போனில் ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். பிறகு போனை அணைத்து, வீட்டுக்குள் அலமாரியில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிச் சுவர் ஓரமாக ஜோடியாக விட்டுவிட்டு வந்தான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது.

இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஆயிலைச் சூடாக்கினான். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பக்கத்தில் கல் அண்டை கொடுத்தான். தரையில் சாக்கை விரித்து மல்லாந்து உள்ளே நுழைந்தான். அடியில் இருட்டாக இருந்தது. நான் சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்து வெயிலைத் திருப்பி அடித்தேன். இன்ஜினின் அடிவயிற்றில் டிரெயின் போல்ட் தெரிந்தது. அதைக் கழற்றினால் பழைய ஆயில் இறங்கிவிடும். புதிய ஆயிலை மேலே ஊற்றுவதற்கு முன்னால் அதைத் திரும்ப மாட்டி முடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

போல்ட் அசையவில்லை. முன்பு யாரோ மெக்கானிக் வெறியோடு முடுக்கியிருந்தான். தம்பி ஸ்பேனரைப் போட்டு மெல்ல இழுத்தான். எடுத்தான், துடைத்தான், மறுபடி போட்டான், இழுத்தான். வியர்வை காதுக்குள் இறங்கியது. சுத்தியல் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை.

அந்த நேரத்தில் போர்மேன் பைக்கில் வந்து நின்றார். தம்பி வேலை பார்த்த கம்பெனியில் மருந்து ரூம்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. சீசன் நெருங்கியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் வருகிறார் என்று தம்பி மனைவி ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தாள்.

“என்னலே, வண்டிக்குப் பேதி குடுக்கியா?” என்றார். வண்டிக்கு அடியிலிருந்து தம்பி சிரித்த சத்தம் கேட்டது.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். ஆர்டர் குவிந்து கிடக்கிறது, மருந்துக்கு ஆள் கிடைக்கவில்லை, கிடைக்கிறவர்களின் கையைப் பார்த்தால் அவருக்கே பயமாக இருக்கிறது. தம்பியின் கை மாதிரி ஒரு கை இந்த வட்டாரத்தில் இல்லை என்றார். அதை அவர் முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை.

தம்பி மனைவி டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். “காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க அண்ணாச்சி. அவுக கை இனிமே ஸ்டேரிங்குக்குத்தான்.”

அவர் குடித்தார். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, “வண்டி ஓடுற வரைக்கும் ஓட்டட்டும்த்தா. நான் வேண்டாம்னா சொல்லுதேன்” என்று சொல்லிப் பைக்கை எடுத்தார்.

அவர் தெருமுனை திரும்பும் வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள்.

“இன்னுமா தடவிக்கிட்டு இருக்கீக? இது என்ன மருந்தா? வெடிச்சிராது. ஓங்கி ஒரு போடு போடுங்க.”

தட்டாமல்தான் எடுக்க வேண்டும், தட்டினால் கெட்டுவிடும் என்று அவன் முனகினான். அவள் உள்ளே போய் அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவனை வெளியே வரச் சொன்னாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கவாட்டில் படுத்து, ஸ்பேனரின் நுனியில் குழவியால் அடித்தாள். முதல் அடிக்குத் தம்பி கண்ணை இறுக மூடியதைப் பார்த்தேன். அடுத்த அடியில் போல்ட் கிர்ரென்று விட்டது. அவள் முகத்தில் ஒரு கறுப்புக் கோடு தெறித்தது. “இம்புட்டுத்தான்” என்று எழுந்து, குழவியைக் கழுவி வைத்துவிட்டு, சோறு வடிக்க உள்ளே போனாள்.

பழைய ஆயில் வாயகன்ற டப்பாவுக்குள் கயிறுபோல் இறங்கியது. கடைசிச் சொட்டு வரைக்கும் அவன் பொறுமையாகப் படுத்திருந்தான். பில்டரை மாற்றினான். போல்ட்டையும் அதன் செம்பு வாஷரையும் பழந்துணியால் துடைத்தான். போல்ட்டின் திருகு மரையில் ஒரு தூசி தெரிந்தாலும் மறுபடி துடைத்தான். பிறகு விரலாலேயே சுற்றி மாட்டி, கடைசியில் ஸ்பேனரைப் போட்டான். அது கொஞ்சம் நகர்ந்து நின்றது. அவனும் நின்றான்.

“கை தடுத்த எடத்துல நிறுத்திரணும்க்கா,” என்றான். “அதுக்கு மேல ஒரு நூல் போகக் கூடாது.”

மருந்து ரூமில் முதலில் சொல்லிக் கொடுப்பது அதுதான். சலிக்கும்போதோ கிண்டும்போதோ அழுத்தும்போதோ கைக்குத் தடுத்தால் அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். பலம் காட்டினால் உராயும். அத்தனை வருடங்களில் அவன் அந்தத் தடுப்பைத் தாண்டியதே கிடையாது. அதனால்தான் அவன் உயிரோடு இருந்தான். ஸ்பேனரை அவன் எடுத்து வைத்த விதத்தில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. கண்ணாடியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

புதிய ஆயிலை, அடி அறுத்த தண்ணீர் பாட்டிலைப் புனலாக வைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினான். இன்ஜினைப் போட்டு ஓடவிட்டான். நான் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தேன். போல்ட் காய்ந்து சுத்தமாக இருந்தது. இன்ஜின் சத்தம் நிஜமாகவே மாறியிருந்தது. அவன் மனைவி அடுப்படியிலிருந்தே, “எம்புட்டு மெதுவா பேசுது பாருங்க” என்றாள். சாப்பிட்டு முடித்ததும் அவன் வண்டியைக் கழுவினான். அவள் முன்கண்ணாடிக்குக் கீழே குங்குமம் வைத்தாள்.

திங்கட்கிழமை அச்சகத்து வாசலில் அவன் வண்டிதான் முதலில் நின்றது. பெட்டிக்கட்டுகளை ஏற்றி, தார்ப்பாய் மூடிக் கயிறு போட்டார்கள். சாத்தூரில் மதுரை பஸ் பிடித்துக்கொள்ளலாம் என்று நானும் கூடவே ஏறிக்கொண்டேன். தம்பி அன்று நிறையப் பேசினான். இந்த சீசன் தாண்டினால் சிவப்பு விளக்கைக்கூட மாற்றிவிடலாம் என்றான். மகளிடம் பள்ளிக்கூடத்தில் அப்பா வேலை என்ன என்று கேட்டதற்கு டிரைவர் என்று எழுதினாளாம். அதை இரண்டு தடவை சொன்னான்.

சாத்தூர் ரோட்டில், கருவேலங்காடு இரண்டு பக்கமும் வரும் இடத்தில், சீட்டுக்கு அடியிலிருந்து சத்தம் மாறியது. யாரோ உள்ளிருந்து தகரத்தைத் தட்டுவது மாதிரி இருந்தது. தம்பி பேச்சை நிறுத்தினான். காந்தல் வாடை வந்தது. அவன் ஓரம் கட்டுவதற்குள் இன்ஜின் ஒரு தடவை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினான். டக் என்றதோடு சரி. வேறு எதுவும் நகரவில்லை.

அவன் இறங்கிக் குனிந்தான். நானும் குனிந்தேன். போல்ட் இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது. அதன் உதட்டில் ஒரே ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தபோதுதான் ரோட்டைப் பார்த்தோம். நாங்கள் வந்த வழி முழுக்க, தார் ரோட்டின் நடுவே, பளபளப்பாக ஒரு கோடு வந்திருந்தது. முதலில் விட்டுவிட்டுச் சொட்டு, பிறகு அகன்று, எங்களுக்கு அருகில் வரவர மறுபடி மெலிந்து. அவன் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தான். தலையைக் குனிந்துகொண்டு, ஓரத்துப் புல்லைக் காலால் விலக்கிவிட்டு. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள். போல்ட் கிடைத்தாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

மேனேஜருக்கு நான்தான் போன் செய்தேன். அவர் கோபப்படவில்லை. பெட்டி நேரத்துக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னார். வேறொரு குட்டியானை வந்து வண்டிக்குப் பின்பக்கமாக ஒட்டி நின்றது. கட்டுகளை அதற்கு மாற்றினார்கள். வெறுங்கையோடு திரும்பிய தம்பியும் சேர்ந்து மாற்றினான். தார்ப்பாயை மடித்து அவர்களிடமே கொடுத்தான். அது அச்சகத்துத் தார்ப்பாய்.

கிளம்பும் முன் அந்த டிரைவர், கரிசனத்தோடுதான், எங்கள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். விரலை ஓட்டைக்குள் விட்டுத் தடவினார்.

“மரை போகலைண்ணே. அப்படியே இருக்கு. முடுக்காம விட்டுருக்காக. யாருகிட்ட ஆயில் மாத்துனீக?”

தம்பி குனிந்து, காலில் ஒட்டிய ஆயிலைப் புல்லில் தேய்த்தான். ஒருவேளை அந்தக் கேள்வியை அவன் ஏற்கெனவே தனக்குள் கேட்டு முடித்திருக்கலாம்.

அந்த வண்டி போன பிறகு ரோட்டோர வாய்க்கால் கரையில் உட்கார்ந்தோம். இன்ஜின் பிடித்துவிட்டது, இனி அதை முழுதாகப் பிரிக்க வேண்டும், அது சீசனுக்குள் ஆகிற வேலையில்லை என்று அவனே சொன்னான். சத்தமில்லாமல், ஒரு தகவல்போலச் சொன்னான். எண்ணெய் இல்லாமல் இரும்பும் இரும்பும் உராய்ந்தால் அப்படித்தான் ஆகும் என்றான். பிறகு தன் போனை எடுத்தான். அவன் மனைவியிடம் பேசப்போகிறான் என்று நினைத்து எழுந்து தள்ளிப் போனேன்.

“அண்ணாச்சி,” என்றான். “நாளைக்கு வாறேன்.”

எதிர்முனையில் இருந்தவர் எதற்கு, ஏன் என்று கேட்கவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு தடவை தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். “கழுவிட்டுத்தான் வருவேன் அண்ணாச்சி” என்று வைத்தான். ஆயில் பிசுக்கோடு மருந்து ரூமுக்குள் காலை வைக்கக் கூடாது என்று போர்மேன் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு நான்தான் பேசினேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அவன் நாளைக்கு எங்கே போகிறான் என்பதையும் சொன்னேன்.

“போல்ட்டக் கடேசியா முடுக்குனது அவுகதான மதினி?”

ஆமாம் என்றேன்.

“அந்நேரம் பாத்து நான் சோறு வடிக்கப் போயிட்டேன்,” என்றாள்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து வாசலில் விட்டோம். நான் அன்று மதுரைக்குப் போகவில்லை. சாயங்காலம் அவன் வாசற்படியில் உட்கார்ந்தான். அவள் எதிரில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தாள். சீயக்காய்த்தூளைக் குழைத்து அவன் உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கெல்லாம் தேய்த்தாள். நக இடுக்கில் கறுப்பு போகவில்லை. சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றப் போனாள். அது வேண்டாம் என்று அவன் தலையசைத்ததும் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை ஒடித்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ஈர்க்கு நுனியால் சுரண்டி, தண்ணீரில் முக்கினாள்.

இருட்டத் தொடங்கியதும் அவன், “போதும்ளா” என்று கையை இழுத்தான். அவள் விடவில்லை.

“இன்னும் போகல,” என்றாள்.

மறுபடி சீயக்காயை எடுத்தாள். அவன் சுட்டுவிரலை நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நகம் வெளுத்து, தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தது. கறுப்பு எதுவும் இல்லை. அவள் அதையே மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “இன்னும் இருக்கு” என்று தேய்த்துக்கொண்டிருந்தாள்.