ஏணி இல்லாத மாடி

"மாடியில யாரு இருந்தா?"

"நீங்கதான் இருந்தீங்க. தெரியுதா, தெரியுதான்னு நீங்கதான கேட்டு…"

"நான் கடைவீதியில இருந்தேன். நீ யாருக்குப் பதில் சொல்லிட்டு இருந்த, அதச் சொல்லு."

"உங்களுக்குத்தாங்க…"

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான் மாயவன். கையில் பிரிக்காத இன்சுலேஷன் டேப். உள்ளே, கண்ணாடி மாதிரித் தெளிவாக ஓடிக்கொண்டிருந்த டி.வி. முன்னால், அவன் மனைவி பூங்கோதை.

இதில் ஒரு வார்த்தைகூடக் கற்பனை இல்லை. விருத்தாசலத்தில், பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிற ஒரு தெருவில், இரண்டாயிரத்து நாலில் நடந்தது. பட்டவள் இன்னும் இருக்கிறாள்.

அந்த வீட்டுக்கு அவர்கள் புதுசாகக் குடிவந்திருந்தார்கள். அவன் சூளையில் வேலை. அவள் பொம்மை செய்கிற கம்பெனியில், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளுக்குப் பிசிறு சீவுகிறவள். டி.வி.யை முன்னறையிலிருந்து உள்ளறைக்கு மாற்றியபோது ஒயர் எட்டவில்லை. கேபிள்காரர் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார். ஒட்டுப் போடுகிற வேலைதானே என்று மாயவனே இறங்கிவிட்டான்.

இந்த வேலை எந்த வீட்டில் நடந்தாலும் ஒரே முறைதான். ஆம்பளை மாடியில் ஒயரைத் திருகிக்கொண்டு 'தெரியுதா?' என்பான். பொம்பளை டி.வி. முன்னால் நின்று 'இல்ல', 'இப்ப கொஞ்சம்', 'அய்ய, போயிடுச்சு' என்று குரல் கொடுப்பாள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குரலை நம்பித்தான் எல்லாம்.

அன்றைக்கு மாயவன் எதிர்வீட்டு அமிர்தத்திடம் மூங்கில் ஏணி வாங்கி மாடிக்கு ஏறினான். ஒயரைத் திருகினான். சுற்றுவதற்கு டேப் இல்லை. இறங்கினான். அமிர்தம் வீட்டில் வெள்ளையடிப்பு நடந்ததால் ஏணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டேப் வாங்கச் சைக்கிளை எடுத்தான். சமையற்கட்டில் இருந்த பூங்கோதைக்கு அவன் போனது தெரியாது.

மேலே குரல் கேட்டது.

"தெரியுதா?"

ஓடிவந்து டி.வி.யைப் பார்த்தாள். புள்ளி புள்ளியாக இருக்கிறது என்றாள். இப்ப, என்றது குரல். தெளிவாயிடுச்சு என்றாள். குரல் தொண்டை கட்டின மாதிரி இருந்தது. சூளை வெக்கையில் அவனுக்கு அப்படி ஆவது வழக்கம். சுற்ற டேப் இருக்கிறதா என்று கேட்டாள்.

"டேப்பு எதுக்கு… மண்ணு இருக்குது."

அதற்குப் பிறகுதான் வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

மாயவன் மறுபடி ஏணி வாங்கி ஏறிப் பார்த்தான். அவன் திருகின இடத்தில் வெள்ளைக் களிமண் அப்பியிருந்தது. அச்சில் ஊற்றுகிற, சுடாத பச்சை மண். ஈரம். விரல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. அவளுடைய கம்பெனி மண் மாதிரியே இருந்தது.

அமிர்தத்தைக் கேட்டான். மாடியில் ஆம்பளைக் குரல் கேட்டதாகவும், கீழேயிருந்து பூங்கோதை பதில் சொன்னதாகவும் அவள் சொன்னாள். இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். அவன் நிற்கவில்லை.

ராத்திரி அவன் சோறு தொடவில்லை. பக்கத்து மொட்டைமாடியிலிருந்து தாவி வந்தவன் எவன் என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தான். விடிந்ததும் அவளுடைய துணிப்பையை எடுத்து வாசலில் வைத்தான். கம்மாபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போகச் சொன்னான்.

அவள் அழவில்லை. "போறேன். இன்னிக்கு ஒரு சாயந்தரம் என்கூட உக்காருங்க. அப்பறமும் போன்னா போறேன்" என்றாள்.

அவனும் விடுவதாக இல்லை. பகலிலேயே மாடி ஏறி மண்ணைச் சுரண்டி எறிந்தான். ஒயரை இரண்டாகப் பிரித்துப்போட்டான். எவனும் ஏறக் கூடாது என்று ஏணியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து உள்ளறைச் சுவரில் சாத்தினான். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கதவைத் தாழ் போட்டான். டி.வி.யைப் போட்டான்.

வெறும் புள்ளிகள். உஸ்ஸென்ற இரைச்சல்.

இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை.

பிறகு… தலைக்கு மேலே, தளத்தில், சரக்… சரக்…

"தெரியுதா?"

மாயவன் நிமிர்ந்தான். அவனுக்கும் கேட்டது. அவன் முகம் வெளுத்ததைப் பார்த்தபோது அவளுக்கு வந்தது பயம் இல்லை, நிம்மதி. இனி அவள் போக வேண்டியதில்லை.

பழக்கத்தில் பதில் சொல்ல வாயெடுத்தாள்.

அவன் கையால் அவள் வாயைப் பொத்தினான்.

"தெரியுதா?"

மூச்சு விடவில்லை இருவரும்.

"கீழ ஆளு இருக்குதா…?"

டி.வி.யில் படம் வந்தது. அவ்வளவு தெளிவாக.

மேலே நடை. மாடியின் ஓரத்துக்கு. நின்றது.

க்ரீச்…

வெளியே இல்லை. உள்ளே. சுவரில் சாத்தியிருந்த ஏணியின் மேல்படி.

க்ரீச்… அதற்கு அடுத்த படி.

அதற்கும் அடுத்தது…

எப்படித் தாழைத் திறந்தார்கள் என்று இருவருக்கும் நினைவில்லை. அமிர்தத்தின் வீட்டு வாசலில்தான் நின்றார்கள். அமிர்தம் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாள். மாயவனைப் பார்த்து, நேற்றே தன்னை முழுசாகச் சொல்ல விட்டிருக்கலாமே என்றாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்.

இவர்கள் இருக்கிற வீட்டில் முன்பு குடியிருந்தவன் கொளஞ்சிநாதன். கரண்டு ஃபியூஸுக்குப் பீங்கான் கட்டை செய்கிற கம்பெனியில் வேலை. அவனும் தன் கையாலேயே கேபிள் ஒட்டுப் போட்டான். பீங்கானில் கரண்டு பாயாது, பீங்கான் இந்த மண்தானே என்று டேப்புக்குப் பதில் பச்சை மண்ணை அப்பினான். சுடாத மண், ஈர மண் என்று அவனுக்குத் தோன்றவில்லை. பக்கத்திலேயே கரண்டுக் கம்பி போனது. அன்றைக்கு அவனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை. அவன் மேலேயிருந்து தெரியுதா, தெரியுதா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். படம் அப்போதே தெளிவாகத் தெரிந்தது. அவள் வீம்புக்கு வாயைத் திறக்கவில்லை. தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவன் இன்னும் இன்னும் திருகினான்…

எதிரே அவர்கள் வீட்டுக் கதவு திறந்தபடி கிடந்தது. உள்ளே டி.வி. ஓடுகிற வெளிச்சம் சுவரில் ஆடியது. திடீரென்று அது நின்று, வீடு இருட்டானது.

அமிர்தம் அதைப் பார்த்தாள். பூங்கோதையின் பக்கம் திரும்பினாள்.

"அவனுக்கு வேற ஒண்ணும் வேணாம்மா. கேட்டா ஒரு பதில் சொல்லணும். சொல்லலன்னா எறங்கி வந்து பாப்பான்… இன்னிக்கிக் கேட்டப்ப பதில் சொன்னீங்கதான?"