ரிலேவுக்கு வைத்த பொட்டு

ரிலே பழுது பார்க்கிற தொழில் இருக்கிறதே, அதில் பெட்டி வேலை செய்தாலும் திட்டு, செய்யாவிட்டாலும் திட்டு. சகபாவிகளே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ரிலே என்பது சுவிட்ச்போர்டில் கண்ணாடி மூடி போட்ட கறுப்புப் பெட்டி. மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் உள்ளே ஒரு தகடு சுற்றி சப்ளையைத் துண்டிக்கும், அதாவது டிரிப் செய்யும், மோட்டார் பிழைக்கும். எழுபதுகளில் மந்தைவெளி அச்சகம் ஒன்று இந்தப் பெட்டியை வைத்தே என் பிராணனை வாங்கியது.

தோப்பனார் காலத்து மெஷின்

முதலாளி ராமதுரை போன் செய்தார். தீபாவளி மலர் அச்சாகிற நேரத்தில் ரிலே ஓயாமல் டிரிப் ஆகிறதாம். போய்ச் சோதித்தேன். ரிலே தங்கம்! பெரிய மெஷினில் பேரிங் தேய்ந்து இறுகியிருந்தது; மோட்டார் திணறியது. பேரிங்கை மாற்றச் சொன்னேன்.

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இன்னொரு தரம் டிரிப் ஆனால் வேலை கிடையாது என்று எலக்ட்ரீஷியன் முனுசாமியிடம் சொல்லிவிட்டார். பிள்ளைகுட்டிக்காரன், முகம் செத்துப்போயிற்று. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மெஷின் எங்க தோப்பனார் வாங்கினது ஓய்! அதுக்கு ஒண்ணும் வராது. உம்ம பொட்டிதான் சரியில்லே.”

பஸ் டிக்கெட்

அப்புறம் போனே வரவில்லை. ஒரு சாயங்காலம் தி.நகர் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். முதலாளி உள்பட எல்லாரும் என்னைப் பார்த்து மலர்ந்து சிரித்தார்கள். மெஷின் முக்கி முனகிக்கொண்டு ஓடுகிறது, ரிலே மூச்சு விடவில்லை. மூடியைத் திறந்தால், தகட்டுக்கு அடியில் மடித்துச் செருகிய பஸ் டிக்கெட்! பிடுங்கி எறிந்தேன். முதலாளியிடம் மறுபடி பேரிங் பேச்சை எடுத்தேன். தீபாவளி கழியட்டும் என்றார். முனுசாமியைத் தனியாகக் கூப்பிட்டுக் கத்தினேன்.

“இன்னா சார் பண்ணச் சொல்றே? அது சுத்துச்சுன்னா நான் வூட்டுக்குப் போவணும். அது சும்மா கீறதே நல்லது.”

சாம்பிராணிப் புகை

மறுநாள் ஆயுத பூஜை. அதற்கடுத்த நாள் விஜயதசமி, நல்ல நேரம் பார்த்து மெஷினை ஓட்டியிருக்கிறார்கள். புகை வந்திருக்கிறது. பூஜை அறைச் சாம்பிராணி என்று எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம்! நாற்றம் வந்த பிறகுதான் ஓடியிருக்கிறார்கள். மோட்டார் கரிக்கட்டை.

நான் போனபோது ராமதுரை முனுசாமியை வெளியே போகச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். மறுபடி டிக்கெட்டா என்று எனக்கும் ஆத்திரம். மூடியைத் திறந்தேன். தகட்டின் மேல் காய்ந்து இறுகிய சந்தனம், நடுவில் குங்குமம். தகடு சுற்ற வேண்டிய காந்தத்தின் இடுக்கில் சந்தனம் சிமென்ட் மாதிரி பிடித்திருந்தது.

யார் வைத்தது என்று கேட்டேன். ராமதுரை கத்துவதை நிறுத்திவிட்டு மின்விசிறியைப் பார்த்தார். முனுசாமிதான் பதில் சொன்னான்.

“மொதலாளியே வச்ச பொட்டு சார். கண்ணாடி மேல வச்சா சாமிக்குப் போய்ச் சேராதுன்னாரு. நான் மூடியப் புடிச்சிக்கினு நின்னேன்.”

மறுபடியும் போன்

முனுசாமிக்கு வேலை நிலைத்தது. மோட்டார் புதிது, பேரிங் புதிது. மலர் மட்டும் தீபாவளிக்குப் பிறகு வந்தது. சில மாதம் கழித்து ஒருநாள் போன். மெஷினில் ஏதோ துணி சிக்கியிருக்கிறது. ரிலே டிரிப் ஆகி மோட்டாரைக் காப்பாற்றியிருக்கிறது. நன்றி சொல்லப்போகிறார் என்று அசட்டுத்தனமாகக் காத்திருந்தேன். “உம்ம பொட்டி திரும்பவும் கெட்டுப் போச்சு ஓய்!” என்று அலறல். பிறகு போன் கை மாறியது. முனுசாமி, ரகசியக் குரலில்:

“ஒண்ணும் இல்ல சார். அது வேல செஞ்சிட்ச்சு. அதான் கோவம்.”

சகபாவிகளே, அந்த அச்சகத்தில் எல்லாரும் என்னைப் பார்த்து மலர்ந்து சிரித்தது, ரிலே வாய்க்குள் பஸ் டிக்கெட் இருந்த அன்றைக்கு மட்டும்தான்.