கரடிக்குக் கட்டிய மாலை

2003-ம் வருடம், கோடை விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. திருவொற்றியூரில் கடலை ஒட்டியிருக்கும் எங்கள் தெருவிலிருந்து பதினான்கு பேர் ஒரு வேனில் ஏறினோம். ஊருக்கு அந்தக் கோடியில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் பயணம். ராட்டினத்தில் யாருக்கும் ஆசையில்லை. நாங்கள் போனது ஒரு கரடியைப் பார்க்க.

அந்தக் கரடி என் நண்பன். நான் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் குமாஸ்தா. அவன் அங்கே ஒப்பந்தத் தொழிலாளியாக மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று குறிப்பது என் வேலை என்பதால், தினமும் காலையில் என் கைக்கடிகாரத்தின் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டு தட்டி, "இன்னா நைனா, மணி ஓடுதா, நின்னுகினு கீதா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவான். ஒப்பந்தம் முடிந்து அவனை அனுப்பிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. தெருவில் பார்த்தாலும் முதலில் என் மணிக்கட்டைத்தான் பிடிப்பான்.

வேலை போனதும் அந்தப் பூங்காவில் கரடி வேஷம் கிடைத்தது. கிடைக்காமல் எப்படி இருக்கும்? எங்கள் பகுதியில் கல்யாணமோ சாமி ஊர்வலமோ, மேளச் சத்தம் கேட்டால் அவன் ஆட்டம் இருக்கும். இடது தோளை இரண்டு முறை உதறி, மூன்றாவது அடிக்கு அப்படியே குந்தி எழுவான். அந்த அடி அவனுக்கே உரியது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆறு வருடம் கரடியாக ஆடினான். ஞாயிறுதான் அங்கே கூட்டம், எங்களுக்கும் ஞாயிறுதான் லீவு. ஆனாலும் டிக்கெட் வாங்கிப் போகும் வசதி எங்கள் தெருவில் யாருக்கும் இல்லை. மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கிடங்கில் நிரந்தர வேலை கிடைத்து, அவன் பூங்காவிலிருந்து விலகும்போது, கடைசி நாளுக்கு மட்டும் வீட்டாருக்கும் வேண்டியவர்களுக்கும் பதினான்கு இலவச பாஸ் கொடுத்தார்கள். பாஸ் கிடைத்த அன்று என்னிடம் வந்து சொன்னான்:

"ஆறு வருசமா கை தட்டுறாங்க நைனா. எல்லாம் கரடிக்கு. உள்ள இருக்கிறவன் பேரு ஒரு ஆளுக்குத் தெரியாது. நம்ம தெரு ஜனம் வந்து ஒரு தபா, ஒரே ஒரு தபா என் பேரைச் சொல்லிக் கூவணும். அது போதும்."

வேஷத்துக்குள் இருப்பவர்களுக்கு அங்கே இரண்டு விதிகள். வாயைத் திறந்து பேசக்கூடாது. குழந்தைகள் எதிரில் தலையைக் கழற்றக்கூடாது. ஆறு வருடத்தில் இரண்டையும் ஒரு நாள்கூட மீறியதில்லை என்பதில் அவனுக்குப் பெருமை.

நான் எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைப்பவன். கரடிக்கு மாலை போடுவது என்று முடிவானதும், கரடித் தலையின் சுற்றளவைச் சணல் கயிற்றில் அளந்து முடிச்சுப் போட்டு வரும்படி அவனிடமே சொன்னேன். கயிற்றைப் பார்த்த பூக்கடைக்காரர், "இன்னா சார், யானைக்கா?" என்றார். கரடிக்கு என்றதும் பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டு என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். ஆனால் மாலை அளவு பிசகவில்லை.

ஆட்டம் நாலரை மணிக்கு. பகல் பன்னிரண்டுக்கே கிளம்பினோம். தெருமுனை வரைக்கும்தான் கிளம்பினோம் என்று சொல்ல வேண்டும். எங்கள் தெரு முடியும் இடத்தில் எண்ணூர் விரைவுச் சாலை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் முதுகில் ஒன்று இடித்தபடி சுவர் மாதிரி நின்றன. அந்த வரிசையைக் கடந்தால்தான் ஊருக்குள் போகும் வழி. ஒரு சைக்கிள் புகும் சந்து இல்லை.

இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். ஒரு லாரியும் அசையவில்லை. நண்பனின் மனைவி மடியில் மகளை வைத்துக்கொண்டு என் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வயது மகள், "நம்ம போறதுக்குள்ள அப்பா ஆடிட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எங்கள் தெருவில் மீன் விற்கும் அக்கா ஒருவர் உண்டு. அவர் குரல் கேட்டால் காசிமேட்டு மீன் ஏலமே நிற்கும். அவர் இறங்கிப் போய், எங்கள் எதிரில் நின்ற லாரிக்கு அடியில் தூளி கட்டிப் படுத்திருந்த டிரைவரை எழுப்பினார்.

"அண்ணாத்தே, வண்டியக் கொஞ்சம் நவுத்து."

அவர் நாமக்கல் பக்கத்துக்காரர். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நேத்திக்குப் பொழுது சாய வந்து நிக்கறனுங்க. நான் நவுந்தா பின்னாடி இருக்கறவன் என் எடத்துல பூந்துருவானுங்க," என்றார்.

"அவன் எப்டி பூருறான்னு நான் பாத்துக்கிறேன். எங்க தெரு ஆளு இன்னிக்குக் கடைசியா கரடி ஆட்றான். போயே ஆவணும்."

"கரடியா? கரடி வேசத்துக்கா இத்தனை பேரு?"

நான் வேனிலிருந்து மாலையைத் தூக்கிக் காட்டினேன். அவர் அந்த மாலையின் அகலத்தைப் பார்த்தார். பிறகு தூளியை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார்.

லாரி வலது பக்கம் ஒடித்து முன்னால் நகர, வரிசையில் ஒரு இடைவெளி திறந்தது. பின்னாலிருந்த லாரி உடனே உறுமியது. அக்கா ஓடிப்போய் அதன் முகத்துக்கு நேரே இரண்டு கையையும் விரித்து நின்றார். "த்தோடா! இது எங்க அண்ணாத்த எடம். மேல ஏத்திகினு வேணாப் போ!" அந்த டிரைவர் ஹாரனை அமுக்கினார். அக்கா அதைவிடச் சத்தமாக அமுக்கினார், வாயால். எங்கள் வேன் அவர் முதுகுக்குப் பின்னால் நுழைந்து அந்தப் பக்கம் போயிற்று. நாமக்கல்காரர் பின்னால் வந்து தன் இடத்தில் நிறுத்தும்வரை அக்கா அசையவில்லை. அதன் பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்து வேனில் தொற்றி ஏறினார். நாங்கள் போட்ட கூச்சலில் மாலையிலிருந்து பூ உதிர்ந்தது. லாரிக்காரர் ஜன்னல் வழியே, "கரடியக் கேட்டதாச் சொல்லுங்க!" என்று கத்தினார்.

ராயபுரம் பாலம், கடற்கரை, அடையாறு என்று வழியெல்லாம் நான் மணி சொல்லிக்கொண்டே வந்தேன். பூங்கா வாசலில் இறங்கியபோது நாலரைக்கு மூன்று நிமிடம்.

ஓடினோம். கேட்டுக்குள் நுழைந்ததும் ஒரு வெள்ளை முயல் எங்களை மறித்தது. வருகிறவர்களுக்குக் கை கொடுக்க நிறுத்தியிருக்கும் வேஷக்காரர். நீளக் காது, பெரிய பல். எங்களைக் கண்டதும் கைகளை அகல விரித்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றது. மகளின் எதிரே குந்தி உட்கார்ந்து அணைக்க வந்தது. அவள், "அப்புறம், அப்புறம்!" என்று நழுவி ஓடினாள். மீன்கார அக்கா, "தள்ளு முயலு, எங்க கரடி மேடைக்கு வந்துடும்!" என்று அதன் வயிற்றில் கை வைத்துத் தள்ளிவிட்டுப் போனார். கடைசியாக ஓடியவன் நான். முயல் என் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தை இரண்டு முறை தட்டியது.

"தெரியும் சார், லேட்டுதான்," என்று சொல்லிவிட்டுக் கையை உதறிக்கொண்டு ஓடினேன்.

மேடையில் நான்கு மிருகங்கள் வந்தன. நடுவில் கரடி. இசை தொடங்கியது. இடது தோள் இரண்டு உதறல், மூன்றாவதற்குக் குந்தி எழுந்தது. அவ்வளவுதான், பதினான்கு பேரும் எழுந்துவிட்டோம். அவன் பெயரைச் சொல்லிக் கூவினோம். விசில் அடித்தோம். மற்ற ஜனங்களும் விவரம் தெரியாமலே எங்களோடு சேர்ந்து அந்தப் பெயரைக் கூவினார்கள். கரடி ஒரு கணம் ஆடாமல் நின்றது. எங்களைப் பார்த்தது, கேட் இருந்த திசையைப் பார்த்தது, நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தது. பாவம், நெகிழ்ந்துவிட்டான் என்று நினைத்தேன். பிறகு ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அப்படி ஒரு ஆட்டத்தை அவன் எங்கள் தெருவில்கூட ஆடியதில்லை. முடிவில் அக்கா மேடையேறி மாலையைப் போட்டார். காதுகளைத் தாண்டி இறங்கிக் கழுத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. எனக்கு அதில் தனிச் சந்தோஷம்.

ஆட்டம் முடிந்ததும் அவன் மனைவியும் நானும் மேடைக்குப் பின்னாலிருந்த அறைக்குப் போனோம். கரடி நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் கழற்றியது.

உள்ளே ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். தலைமுடி நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"மன்னிச்சுக்குங்கக்கா. உள்ள இருந்து எப்படிச் சொல்றது? பேசக்கூடாதே!"

"எங்க வூட்டுக்காரர் எங்கம்மா?" என்றார் நண்பனின் மனைவி.

"நாளையிலேர்ந்து நான்தான் கரடி. ரெண்டு மாசமா அண்ணன்தான் அந்த அடியெல்லாம் சொல்லிக் கொடுத்தார். அவர் இருக்கும்போதே நான் ஒரு தடவை மேடையேறிடணும்னு மேனேஜர் காலையில சொல்லிட்டார். அண்ணன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசலை. 'எனக்கு அந்த முயலைக் குடுங்க, எங்காளுங்க கேட்டு வழியாத்தான் வருவாங்க'ன்னு மட்டும் கேட்டார்."

நான் என் கடிகாரக் கண்ணாடியைப் பார்த்தேன். இரண்டு தட்டு.

அப்புறம் நாங்கள் ஓடிய ஓட்டம் வரும்போது ஓடியதைவிட வேகம். கேட் மூடும் நேரம். கூட்டம் வெளியேறிக்கொண்டிருந்தது. கேட் மூடிவிட்டால் வேஷத்தைக் கழற்றிக் கொடுத்துவிடுவான். அதன் பிறகு தெருவே கூடிக் கூவினாலும் அதற்குப் பொருளில்லை. மீதிப் பேருக்கு ஓடிக்கொண்டேதான் விஷயத்தைச் சொன்னேன். மீன்கார அக்கா, "அய்யோ, அவன் வவுத்துலயா கைய வெச்சுத் தள்னேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டே எல்லோரையும் முந்தினார்.

முயல் கேட்டருகே நின்று போகிறவர்களுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முதுகு காட்டி நின்றது. அக்கா மூச்சை இழுத்து, அவன் பெயரைச் சொல்லி ஒரு குரல் கொடுத்தார். ஐஸ்கிரீம் வண்டிக்காரர் திரும்பினார், காவலாளி திரும்பினார். ஆட்டிய கை அந்தரத்தில் நிற்க, முயல் அப்படியே நின்றது. பதினான்கு பேரும் கூவினோம்.

முயல் திரும்பியது. இடது தோளை இரண்டு முறை உதறி, மூன்றாவதற்குக் குந்தி எழுந்தது.

இசை இல்லை, மேடை இல்லை. எங்கள் கைதட்டல்தான் மேளம். வெளியே போய்க்கொண்டிருந்தவர்கள் இதுவும் ஒரு நிகழ்ச்சி என்று நினைத்து வட்டம் கட்டினார்கள். அதற்குள் கரடியும் தலையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டது. தன் கழுத்து மாலையைக் கழற்றி முயலுக்குப் போட்டது. கரடிக்கு அளந்து கட்டிய மாலை முயலின் காதுகளில் மாட்டிக்கொண்டு, முகத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. அந்தக் கோலத்திலேயே ஆடினான். மகள் போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அப்போதும் அவன் தலையைக் கழற்றவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. ஆடி முடித்து என்னிடம் வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து, கண்ணாடியை இரண்டு தட்டு தட்டினான். இந்த முறை நான் கையை உதறவில்லை.

திரும்பும்போது வேனில்தான் அவன் முகத்தைப் பார்த்தோம். "'தெரியும் சார்'னு சொன்னியே நைனா, உள்ளயே சிரிச்சு மூச்சு முட்டிப்போச்சு," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அக்கா மட்டும், மேடையில் உன் பெயரை வேறு யாருக்கோ கூவிவிட்டோமே என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"வுடுக்கா," என்றான். "அந்தப் பொண்ணுக்கு மொத நாளு. அதைப் பாக்க ஒரு ஆளு வர்ல. நீங்க போட்ட சத்தம் வாசக் கேட்டாண்ட வரைக்கும் வந்துச்சு. நானும் அங்கியே நின்னு ஆடிகினுதான் இருந்தேன்."

அன்றைய டைரியில் புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம் எல்லாம் எழுதினேன். முயலின் முன்னால் நான் நிற்காத நேரத்தை எப்படிக் குறிப்பது என்று மட்டும் தெரியவில்லை. இப்போதும் கடைத் திறப்பு விழாக்களில் யாராவது பொம்மை வேஷம் போட்டு வெயிலில் நின்றால், எவ்வளவு அவசரம் இருந்தாலும் நின்று, கடிகாரம் கட்டிய கையையே நீட்டுகிறேன். உள்ளே இருப்பவரும் தன் தெருக்காரர் ஒருவருக்காகக் காத்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் தோன்றிக்கொண்டே இருக்கிறது.