காசு கட்டாத வரிசை

நார்பர்ட் சாஸ்ட்ரோ வரிசையில் நிற்கும்போதே இடது கால் நாடாவை அவிழ்த்துவிடுவார். குனியமாட்டார். வலது பூட்ஸின் முனையால் நாடாவின் நுனியை மிதித்துக்கொண்டு இடது காலை மேலே ஒரு இழுப்பு இழுப்பார், முடிச்சு கழன்றுவிடும். அப்புறம் அந்தக் காலுக்கு இந்தக் கால். மில்வாக்கி விமான நிலையத்தில் சோதனைக்கு முன்னால் பட்டை கட்டிப் பாம்பு மாதிரி வளைத்துவிட்டிருக்கும் நீள வரிசையில், மற்றவர்களெல்லாம் ஃபோனைப் பார்த்துக்கொண்டு நகர, இவர் மட்டும் கல்யாண வீட்டில் ஆடுகிறவர் மாதிரி நகர்வார். வாயும் சும்மா இருக்காது. முன்னால் நிற்பவர் எந்த ஊருக்குப் போகிறார், அங்கே யார் இருக்கிறார்கள், அவர்களோடு பேச்சுவார்த்தை உண்டா இல்லையா என்பதெல்லாம் முதல் வளைவு திரும்புவதற்குள் தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் இப்போது பூட்ஸைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்பதில்லை. போன கோடையோடு அந்தச் சட்டத்தை அரசாங்கம் எடுத்துவிட்டது.

"சார், பூட்ஸ் கால்லயே இருக்கலாம்," என்பாள் சோதனைக்காரப் பெண்.

"இருக்கலாம்தான் தாயி. அதுக்கும் கொஞ்சம் காத்து வேணுமே," என்பார் இவர், இரண்டையும் தட்டில் வைத்துக்கொண்டே.

தொழில், கார் கொட்டகைகளுக்குக் கதவு மாட்டுவது. அறுபத்தைந்தைத் தாண்டியும் ஏணி ஏறுகிறார். ஆள் கட்டை குட்டை. மீசை மட்டும் இரண்டு ஆளுக்குப் போதும். கதவு மேலே ஏறுகிற சத்தத்தை வைத்தே வீட்டுக்காரன் குணத்தைச் சொல்லிவிடுவேன் என்பார். சொன்னது ஒன்றுகூடச் சரியாக இருந்ததில்லை. ஆனால் சொல்வதை நிறுத்தவும் இல்லை.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஷூ மாட்டும் கரண்டி இருக்கும். மாட்டுக் கொம்பில் செய்தது. இரும்பாக இருந்தால் சோதனை வளைவில் மணி அடிக்குமே, அதனால் தேடிப்பிடித்து வாங்கினது. சோதனையைத் தாண்டினதும் அங்கே பெஞ்சுகள் வரிசையாகக் கிடக்கும். குலைந்துபோனவர்கள் தங்களைக் கூட்டிச் சேர்த்துக்கொள்ளும் இடம் என்று வேடிக்கையாக ஒரு பலகை தலைக்கு மேலே தொங்கும். அந்தப் பெஞ்சுதான் நார்பர்ட்டின் தர்பார். கரண்டியை எடுத்துத் தன் காலுக்கு மாட்டிக்கொண்டு, பக்கத்து ஆளுக்கு நீட்டுவார். பாதிரியார், நீதிபதி, தேனிலவுக்குப் போகிற ஜோடி என்று அவர் கரண்டியில் கால் நுழைக்காத ஆள் கிடையாது. "சாக்ஸோட உக்காந்திருக்கறவன் எவனும் என்கிட்ட பந்தா காட்டினதில்ல," என்பார். அது மட்டும் உண்மையாகவே இருக்கலாம்.

அவர் மனைவி மார்லிஸ் இந்தப் பாம்பு வரிசையில் நிற்பதில்லை. பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் இருப்பவள். எதையும் முன்கூட்டிச் செய்து முடித்துவிட்டு மற்றவர்கள் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிற ரகம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் காசு கட்டி, விரல் ரேகை கொடுத்து, பக்கத்து வரிசைக்கு உரிமை வாங்கிக்கொண்டாள். அங்கே கோட்டு கழற்ற வேண்டாம், பெல்ட்டு கழற்ற வேண்டாம், பூட்ஸும் அப்போதே கழற்ற வேண்டாம். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற தோல் பூட்ஸ் அவளுடையது. அது டக் டக்கென்று ஓசையிட நேராக நடந்து போவாள். நார்பர்ட் குலைந்து வெளியே வரும்போது அவள் பெஞ்சில் உட்கார்ந்து, முறுக்கு மாதிரி திருகின பிரெட்செல் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருப்பாள். இவரைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு. "அவ கட்டின காசு வரிசைக்கில்ல, அந்தச் சிரிப்புக்கு," என்பது நார்பர்ட்டின் கட்சி.

அது பிரயோஜனமா தண்டமா என்ற வழக்கு அந்த வீட்டில் ஐந்து வருஷமாக ஓடுகிறது.

"காசு கட்டினவன் யோக்கியன், கட்டாதவன் திருடனா? வெள்ளிக்கிழமை சர்ச்சு கீழ்த்தளத்துல மீன் வறுவலுக்கு எவ்ளோ நேரம் நிக்கறோம்? காசு குடுத்து முன்னாடி போறேன்னு அங்க எவனாவது சொல்லிப் பாக்கட்டும். அவன் தட்டுல வெறும் கோஸுதான் விழும்."

"மீன் வறுவல் வரிசைல கையில பீர் இருக்கு, நார்ப். இங்க என்ன இருக்கு? எனக்கு முட்டி வலிக்குது. உன் கொள்கைய வெச்சு என் முட்டிக்கு ஒத்தடம் குடுக்க முடியுமா?"

"வருஷத்துக்கு நாலு தடவை ஏறப்போற பிளேனுக்கு இவ்ளோ செலவா?"

"அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்துத்தான் கட்டறேன். நீ குளிர்காலத்துல ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் பிடிக்கறேன்னு வாங்கின கூடாரத்தைவிடக் கம்மி. அதுல என்ன மீனு மாட்டிச்சு?"

மாட்டினது ஜலதோஷம்.

பூட்ஸ் சட்டம் போன அன்றைக்கு நார்பர்ட் மூலை மதுக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் பிராந்தி வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, "நீ காசு கட்டி வாங்கினத எனக்கு சும்மாவே குடுத்துட்டாங்க!" என்று குதித்தார்.

"பெல்ட்டு கழட்டணுமே? உன் பேன்ட்டு அது இல்லாம நிக்குமா?" என்றாள் மார்லிஸ். சொன்னாளே தவிர, அன்றிலிருந்து தன் வரிசையைப் பற்றிப் பெருமை பேசுவதை அவள் விட்டுவிட்டாள். அதை நார்பர்ட் கவனிக்கவில்லை. ஜெயித்தவன் எதைக் கவனித்தான்?

ஜெயித்த சந்தோஷமும் அடுத்த பயணம்வரைதான். அந்தத் தடவை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஒருத்தரும் வரவில்லை. எல்லோரும் போட்ட ஷூவோடு அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரே ஒரு ஆள் நின்று பெல்ட்டை மாட்டினார். பெல்ட்டுக்குக் கரண்டி எதற்கு? நார்பர்ட் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டார். அதற்கடுத்த பயணத்தில்தான் யாரும் கேட்காமலே பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தது. ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. எதிரே மார்லிஸ் பிரெட்செலை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் கேட்கவில்லை.

இந்த வசந்தத்தோடு அவள் கட்டின ஐந்து வருஷம் முடிகிறது. ஈஸ்டருக்கு ஃபீனிக்ஸில் இருக்கும் மகள் கிரெட்சென் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. போவதற்கு முந்தின வாரம் சாப்பாட்டு மேஜையில் மார்லிஸ் ஆரம்பித்தாள்.

"மறுபடி கட்டப் போறேன். இந்தத் தடவை ரெண்டு பேருக்கும். நீயும் வந்து ரேகை குடு."

"கையை வெட்டிக் குடுத்தாலும் குடுப்பேன், ரேகை குடுக்க மாட்டேன்."

"சரி, பந்தயம். யார் முதல்ல பெஞ்சுக்கு வர்றாங்கன்னு பாப்போம். நான் வந்தா, ஊர்லேர்ந்து திரும்பின மறுநாளே நீ போயி ரேகை குடுக்கற. அதோட பாம்பு வரிசைக்கு முழுக்கு. இனிமே என்னோடதான் நடக்கற."

"நான் வந்தா?"

"அஞ்சு வருஷத்துல ஒரு தடவையாவது வந்திருக்கியா கிழவா?"

"வந்தா?"

"நான் கட்டாம விட்டுடறேன். உன்கூடப் பாம்பு வரிசைல நிக்கறேன்."

கை குலுக்கிக்கொண்டார்கள். அதற்கப்புறம்தான் நார்பர்ட்டுக்கு உறைத்தது. ஈஸ்டர் கூட்டம். தன் வரிசை கட்டடத்துக்கு வெளியே வால் நீட்டும். முழுக்குப் போடுவதென்றால் அந்த ஆட்டமும் போச்சு, முன்னால் நிற்பவன் கதையும் போச்சு. மார்லிஸ் பின்னால் கோட்டும் தொப்பியுமாக, யாரோடும் பேச நேரமில்லாமல், ஒரு கனவான் மாதிரி நடக்கவேண்டியதுதான்.

கால் ஜெயிக்காத இடத்தில் வேறு ஏதாவது ஜெயிக்கவேண்டும். கொட்டகைக்குப் போய்ப் பார்த்தார். அலமாரியில் ஜாடி இருந்தது.

ஒவ்வொரு ஈஸ்டருக்கும் நார்பர்ட் ஹார்ஸ்ராடிஷ் விழுது அரைப்பார். பன்றித் தொடைக் கறிக்குத் தொட்டுக்கொள்ள. பார்த்தால் முள்ளங்கி மாதிரி சாதுவாக இருக்கும் வேர்தான். அரைத்தால் மூக்குக்குள் நெருப்பு வைக்கும். சமையலறையில் அரைக்க அவருக்கு அனுமதி இல்லை. கொட்டகைக் கதவை முழுக்க ஏற்றிவிட்டு, வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு அரைப்பார், தெருநாய்கூட எதிர்ப்பக்கமாகப் போகும். வழக்கமாக இது விமானத்தின் அடியில் போகிற பெரிய பெட்டியில் பயணம் செய்யும். கைப்பையில் வைக்க முடியாது. விழுது என்றாலும் சோதனைக்காரர்கள் கணக்கில் திரவம்தான். காசு கட்டினவருக்குப் பூட்ஸில் சலுகை உண்டு, விழுதில் கிடையாது.

புறப்படுகிற அன்று காலை மார்லிஸ் குளிக்கப் போனதும், நார்பர்ட் அவள் கைப்பையைத் திறந்து, இரண்டு ஸ்வெட்டருக்கு நடுவே ஜாடியை அப்படியே சொருகினார். ஒரு துணிகூடச் சுற்றவில்லை, அவசரம். ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி போய் வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

போகிற வழியெல்லாம் மனுஷர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றாள் மார்லிஸ்.

"ரோட்டைப் பாத்து ஓட்டறேன்."

"அடேயப்பா. இன்னிக்குத்தான் ரோடு கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

விமான நிலையத்தில் பிரிந்தார்கள். நார்பர்ட் அன்றைக்கு நாடாவைத் தொடவில்லை. பந்தயமாயிற்றே. பின்னால் நின்ற ஒரு அம்மாள் தானாகவே ஆரம்பித்தாள்: "நான் என் அக்காவப் பாக்கப் போறேங்க. பத்து வருஷமா எங்களுக்குள்ள பேச்சே இல்ல." வேறு நாளாக இருந்தால் அக்காவின் ஜாதகமே கைக்கு வந்திருக்கும். "அப்படிங்களா," என்று சொல்லிவிட்டு முன்னால் பார்த்தார். யார் முதுகிலோ கண்ணை வைத்துக்கொண்டு, மற்றவர்களைப் போலவே நகர்ந்தார். அந்த வரிசை இவ்வளவு நீளம் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

கடைசியில் கோட்டு, பெல்ட்டு, சாவி எல்லாம் தட்டில் போயின. வளைவுக்குள் புகுந்து, தட்டில் இருந்ததை அள்ளிக்கொண்டு, ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் பெஞ்சுக்கு வந்தார். காலி. பிரெட்செல் இல்லை, சிரிப்பு இல்லை. ஜெயித்துவிட்டார்.

திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் ஒரு மேஜை. மேஜைக்கு முன்னால் மார்லிஸ் நிற்கிறாள். நீலக் கையுறை போட்ட சோதனைக்காரர் அவள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கிறார். ஒரு ஸ்வெட்டர். மாத்திரை டப்பா. பேத்திக்கு வாங்கின சாக்லேட் முட்டைகள். இன்னொரு ஸ்வெட்டர். அதற்கப்புறம் ஒரு பெரிய சாம்பல் நிறக் கம்பளி சாக்ஸ், உருண்டையாகச் சுருட்டி, மேலே ரப்பர் பேண்டு போட்டது.

அது மார்லிஸின் சாக்ஸ். சோதனைக்காரர் ரப்பரைக் கழற்றிப் பிரித்தார். உள்ளே ஜாடி.

நார்பர்ட் பேன்ட்டைப் பிடித்த பிடியோடு உட்கார்ந்துவிட்டார். தான் வைத்தது வெறும் ஜாடி. சாக்ஸ் தானாக நடந்துபோய்ச் சுற்றிக்கொள்ளவில்லை. வீட்டிலேயே பார்த்திருக்கிறாள். பார்த்தவள் பெரிய பெட்டிக்கு மாற்றியிருக்கலாம். இவர் பையிலேயே திருப்பி வைத்து இவரைச் சந்தி சிரிக்க வைத்திருக்கலாம். அவள் செய்யக்கூடியவள்தான். உடையாமல் இருக்கத் துணியைச் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்து, டக் டக்கென்று நடந்து வந்திருக்கிறாள்.

"இது உங்களுதாம்மா?"

"என்னுதுதான். மறந்துட்டேன்."

"வெளிய போயி பெரிய பெட்டியில போட்டுட்டு வரலாம். இல்லன்னா இங்கயே விட்டுடணும்."

"விட்டுடறேன். தெறந்து மட்டும் பாக்காதீங்க."

சோதனைக்காரர் திறந்தார். முகத்தருகே கொண்டுபோனார். அடுத்த மேஜைக்காரர் ஓடி வந்து முதுகைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காசு வரிசையில் கோட்டும் பெல்ட்டுமாக வந்துகொண்டிருந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் ஏதோ துக்க வீட்டுக்குள் நுழைந்தவர்கள் மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்கள்.

மார்லிஸ் சாமான்களை அடுக்கினாள். சாக்ஸை முகர்ந்து பார்த்துவிட்டுத் தனியாக ஓரத்தில் சொருகினாள். வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஜெயிச்சிட்ட," என்றாள்.

"ம்."

"பெல்ட்ட மாட்டு. ஊரே பாக்குது."

மாட்டினார். ஓட்டை மாறிப் போயிற்று. கழற்றித் திரும்ப மாட்டினார்.

"தெரிஞ்சுமா எடுத்துட்டு வந்த?"

"ஒடைஞ்சா ஸ்வெட்டர் நாறும்ல."

"அதைக் கேக்கல, மார்லி."

எதிரே ஜனங்கள் போட்ட ஷூவோடு போய்க்கொண்டிருந்தார்கள். இவள் வரிசைக்காரர்கள், அவர் வரிசைக்காரர்கள், எல்லோரும் ஒன்றாகத்தான். வரிசையில் பின்னால் நின்ற அந்த அம்மாளும் பையை இழுத்துக்கொண்டு தாண்டிப் போனாள். பலகையின் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது இவர்கள் இரண்டு பேர்தான்.

மார்லிஸ் குனிந்தாள். வலது பூட்ஸின் ஜிப்பை மேலிருந்து கீழ்வரை இழுத்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, காலை உருவி எடுத்தாள். கழற்றின பூட்ஸை முன்னால் நிமிர்த்தி வைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பாமலே, அவர் சட்டைப் பைக்கு நேராகக் கையை நீட்டினாள்.